ஊரடங்கில் திரும்பி வந்தவர்கள்

முப்பது குளிசை போட்ட பிளாஸ்டிக் போத்தலுக்குச் சத்தம் அதிகம். தெல்தோட்டை பஸ் கலஹா வீதி வளைவுகளில் ஏறும்போது பைக்குள் அது கிலுகிலுவென்று ஆடும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, பைக்காரனுக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி இருக்கும். அதற்காகப் பஞ்சு வாங்கிப் போத்தலுக்குள் திணிப்பார்கள். லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுப்பார்கள். சிலர் குளிசைகளைப் பத்திரிகைத் தாளில் மடித்துக்கொண்டு, போத்தலைக் கிளினிக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். மலைநாட்டு ஈரத்தில் தாளில் மடித்த குளிசை கெட்டுப்போகும். அதற்குப் பஞ்சே மேல். பஞ்சு வைக்கும் வித்தையை எனக்குச் சொல்லித்தந்தது டொக்டரும் அல்ல, மிஸ்ஸியும் அல்ல. எனக்கு முந்திச் சிகிச்சைக்கு வந்த கம்பளைக்காரர் ஒருவர். கதிரையில் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஆண்களை எச்.ஐ.வி. சிகிச்சைக்குக் கொண்டுவருவது பற்றியும் அதில் நிலைக்கவைப்பது பற்றியும் எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் இந்த ரகம்தான். விழிப்புணர்வு, மனமாற்றம் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மருந்தை விட்டுவிட்டுப் போனவர்களில், அது உயிர் காக்கும் மருந்து என்று தெரியாமல் போன ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

2011இல் நான் கண்டி கொழும்பு வீதியில் ஒரு புடவைக்கடையில் நின்றேன். கட்டார் போக ஆயத்தம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் எவரும் மெடிக்கலைத் தாண்டியாக வேண்டும். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தால் விசா கிடையாது. ஏஜென்சியில் நாலு பேர் முன்னால், "நீங்க அன்ஃபிட். கட்டின காசு திரும்பாது" என்றார்கள். என்ன வருத்தம் என்று சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு அங்கே தேநீர் கொடுக்கிற பையன்தான் பின்னால் ஓடிவந்து, "அண்ணே, கண்டியில பெரியாஸ்பத்திரி பக்கம் போய்க் காட்டுங்க" என்றான். அவன் முகத்திலிருந்தே நான் விஷயத்தைப் புரிந்துகொண்டேன்.

பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருந்த டொக்டர் அம்மா சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். இது சாகப்போகிற வருத்தம் இல்லை, மருந்து உண்டு, காசு கட்டத் தேவையில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்ததாக ஒன்று சொன்னார்: "உங்களுக்கு இப்போது மருந்து வேண்டாம்." உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சீ.டி.4 எண்ணிக்கை எனக்கு 400க்கு மேல் இருந்தது. அந்தக் காலத்து உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டலின்படி 350க்கு இறங்கினால்தான் மருந்து தொடங்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

இப்போது நினைத்தால் அந்த ஏற்பாடு எத்தனை ஆண்களைத் தின்றது என்று தோன்றுகிறது. நாலு ராத்திரி தூங்காமல், வாழ்க்கையில் இல்லாத தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஒருவன் வாசலுக்கு வருகிறான். "நல்லாத்தான் இருக்கீங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். நல்லாத்தான் இருக்கிறோமே என்று அவன் போய்விடுகிறான். திரும்பி வரும்போது காசநோயோடு, அல்லது தொண்டையில் வெள்ளை படிந்து சோறு இறங்காமல், யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். என்னோடு அதே மாதங்களில் ரத்தம் கொடுத்த ஒரு பேராதனைப் பக்கத்து மேசன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். தொற்று தெரிந்த உடனே எல்லோருக்கும் மருந்து என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இலங்கையிலும் 2016 முதல் அப்படித்தான். எனக்கு அதற்கு முன்பே எண்ணிக்கை இறங்கி மருந்து தொடங்கியாயிற்று.

இலவச மருந்தும் சும்மா வந்ததல்ல. கமலிகா அபேரத்ன என்ற குழந்தை மருத்துவருக்கு, 1995இல் ஒரு விபத்துக்குப் பிறகு ஏற்றிய ரத்தத்தால் தொற்று வந்தது. அவர் அதை மறைக்காமல் நாட்டுக்கு முன்னால் சொன்னார். அரசாங்கமே மருந்து தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004இன் கடைசியில். அவர் இறந்தது அதே ஆண்டு டிசம்பரில்.

கிளினிக்கில் தமிழில் பேச ஆள் குறைவு. தோட்டத்திலிருந்து வருகிற ஆண்களுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. ஒருநாள் மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, உள்ளே ஒருவர் அழுதுகொண்டே இருக்கிறார், கொஞ்சம் பேசுவீர்களா என்று கேட்டார். அவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் என்னை உள்ளே விட்டார். நானும் இதே மருந்துதான் போடுகிறேன் என்று சொன்னதும் அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "வேலைக்குப் போறீங்களா?" போகிறேன் என்றேன். "மூட்டை தூக்குவீங்களா?" தூக்குவேன் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அன்று தொடங்கியதுதான் எனக்கு இந்த வேலை. பிறகு ஒரு தொண்டு அமைப்பு போக்குவரத்துக்குச் சிறு தொகை கொடுத்தது. கொடுக்காத மாதங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2020இல் 'கோச் ம்பிலோ' என்று ஒரு திட்டம் தொடங்கினார்களாம். தொற்றோடு நன்றாக வாழும் ஆண்களே புதிதாக வருகிற ஆண்களுக்குப் பக்கத்துணையாக நிற்பது. அதைப் பற்றி வெகு பிந்தித்தான் வாசித்தேன். அங்கேயும் மூட்டை தூக்குவீர்களா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

பெண்களுக்கு இந்த நாட்டில் ஒரு வாசல் இருக்கிறது. கர்ப்பிணி என்று தெரிந்தால் மிட்வைஃப் வீடு தேடி வருவார், கிளினிக்கில் ரத்தம் எடுப்பார்கள், அதிலேயே இந்தப் பரிசோதனையும் நடந்துவிடும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பெரிய காரியம்; அதைச் செய்து முடித்தவர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய மிட்வைஃப்மார். ஆணைத் தேடி அப்படி யார் லயத்துக்கு வருகிறார்கள்? அவன் ரத்தம் கொடுப்பது வெளிநாடு போக, ரத்ததான முகாமில், இல்லாவிட்டால் வார்டில் மயங்கிக் கிடக்கும்போது. 2022இல் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 607 பேர், 2023இல் 694 பேர். இரண்டு வருடத்திலும் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 2017இல் ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பு ஆண்களைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை போட்டது. ஆப்பிரிக்கக் கணக்குகள்தான் அதில் அதிகம், ஆனால் கதை கண்டிக் கதை: ஆண்கள் பரிசோதனைக்குப் பிந்துகிறார்கள், மருந்துக்குப் பிந்துகிறார்கள், சாவுக்கு முந்துகிறார்கள்.

தோட்டத்து ஆளுக்குக் கிளினிக் என்றால் ஒரு பேர் போச்சு. காலைப் பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய நாட்சம்பளம் இல்லை; அதோடு பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு. அதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். "எங்க போன?" என்று கங்காணி கேட்பார், மனைவி கேட்பார், மாமியார் கேட்பார், கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் ஒரு பொய், அதை ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னொரு பொய். ஆகவே புதிதாக வருகிறவரிடம் நான் முதலில் பேசுவது வைரசைப் பற்றி அல்ல, சொல்லப்போகிற பொய்யைப் பற்றி. வீட்டில் என்ன வருத்தம் என்று சொல்லப்போகிறீர்கள்? சீனி வருத்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் ஊரே பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து கொடுக்கும், கலியாண வீட்டில் கேசரித் தட்டை உங்களைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். காசநோய் என்றால் பிள்ளைகளைத் தள்ளிவைப்பார்கள். பிரஷர் நல்ல வருத்தம். ஆயுள் முழுக்க மருந்து, மாதாமாதம் கிளினிக், மரியாதைக் குறைவில்லை. "பிரஷர்காரர்" ஆனவர்களில் பலர் இன்றைக்கும் மருந்தில் இருக்கிறார்கள்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவரும் ரத்தம் காட்ட வேண்டும். அதை டொக்டரும் நானும் விடமாட்டோம். ஊருக்குப் பொய், வீட்டுக்காரிக்கு உண்மை. இந்தக் கோட்டைப் பிடிக்காமல் போனவர்களும் உண்டு. போகட்டும்.

குடிதான் அடுத்தது. யாரோ எப்போதோ "இந்த மருந்தோட குடிக்கக் கூடாது" என்று சொல்லிவைத்திருப்பார்கள். ஆண் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? குடியை விடமாட்டான், குடித்த அன்று குளிசையை விடுவான். சம்பள நாள், அட்வான்ஸ் நாள், திருவிழா, கருமாதி என்று கூட்டிப்பார்த்தால் மாதத்தில் பாதி போய்விடும். தெல்தோட்டைப் பக்கத்து ஒரு பெரியவருக்கு வைரஸ் எண்ணிக்கை இறங்கவே இல்லை. டொக்டர் மருந்தை மாற்றலாமா என்று யோசித்தார். நான் அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். "அய்யய்யோ தம்பி, தண்ணி போட்ட அன்னிக்கு நான் அத தொடவே மாட்டேன். சத்தியமா" என்றார், பெரிய கட்டுப்பாட்டுக்காரர் மாதிரி. குடித்தாலும் போடுங்கள், விழுந்து கிடந்தாலும் எழுந்து போட்டுவிட்டு விழுங்கள் என்றேன். டொக்டரும் அதையே சொன்னார், இன்னும் நாகரிகமாக. அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை சரிந்தது. குடி குறையவில்லை.

பழைய மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தது. ராத்திரி போட வேண்டும். ஆரம்பத்தில் தலை சுற்றும், பயங்கரமான கனவு வரும். ஃபெக்டரியில் இரவு வேலை பார்க்கிறவனுக்கு அது ஒத்துவராது. பிறகு டொலுடெக்ராவிர் சேர்ந்த குளிசை வந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, எந்த நேரமும், சாப்பிட்டும் சாப்பிடாமலும். மருந்து மாறியதால் தங்கியவர்களின் எண்ணிக்கை, என் பேச்சால் தங்கியவர்களைவிடக் கட்டாயம் அதிகம்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கண்டி மாவட்டத்துக்கு ஊரடங்கு, 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகாலச் சட்டம். அடுத்த நாள் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் நின்றன. எனக்கும் ஆட்களுக்கும் இருந்த கயிறே வட்ஸ்அப்தான், பெயர் போடாமல், படம் வைக்காமல், "இன்னிக்கு மழையா?" என்று கேட்டால் "குளிசை முடிஞ்சுதா?" என்று அர்த்தம். கிட்டத்தட்ட ஒரு வாரம் மழையா வெயிலா என்று தெரியாமல் இருந்தேன். கடை எரிந்த ஒருவருக்கு மேசை லாச்சிக்குள் இருந்த போத்தலும் எரிந்துபோனது. நட்டஈட்டுப் படிவத்தில் அவர் எழுதாத ஒரே பொருள் அது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது 2020ஐப் பற்றி.

மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், யாழ்ப்பாணத்தோடு கண்டியும் அபாய மாவட்டம் என்று, மற்ற இடங்களில் தளர்த்தியபோதும் எங்களுக்குத் தளர்த்தவில்லை. என் கொப்பியைத் திறந்து, யாருக்கு எந்தத் திகதியில் மருந்து முடிகிறது என்று பார்த்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் பலருக்கு முடிந்தது. இனி எல்லாம் போச்சு, வருடக்கணக்காகப் பிடித்துவைத்த ஆட்கள் எல்லாம் கைநழுவிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

நடந்தது வேறு. ஆஸ்பத்திரிகள் கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபாலிலும் ஆள் மூலமும் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கின. பிரஷர், சீனி, இருதயம், தைராய்டு, எல்லாம் பொட்டலமாக மலை ஏறின. தபால்காரர், பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர், கிராமசேவகர் என்று கையில் கிடைத்தவர்கள் எல்லாம் மருந்து சுமந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் பொட்டலமும் ஒன்று. பழுப்பு உறை, மேலே பெயர், தொலைபேசி இலக்கம், அவ்வளவுதான். லயத்தில் எட்டு வீட்டுக்கு மருந்து வருகிறபோது ஒன்பதாம் வீட்டுக்கும் வந்தால் எவன் கேட்கப்போகிறான்? பேர் போகவில்லை, ஏனென்றால் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை. எங்கே போனாய் என்று கேட்க யாரும் இல்லை, ஏனென்றால் எவரும் எங்கேயும் போகவில்லை. கிளினிக்கும் ஒரு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாத மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது.

ஏப்ரல் நடுவில் வத்தேகமைப் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. எட்டு மாதத்துக்கு முன் மருந்தை விட்டுவிட்டு, என் அழைப்பையும் எடுக்காமல் இருந்தவர். "அண்ணே, மருந்து வீட்டுக்கே வருதாமே. எனக்கும் அனுப்புவாங்களா?" நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபம்தான். இத்தனை நாள் எங்கேயடா இருந்தாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் விலாசத்தை எழுதிக்கொண்டு டொக்டரிடம் கொடுத்தேன். அவர் அவனை முதலில் ரத்தத்துக்குக் கூப்பிட்டார். ஊரடங்கு பாஸ் போட்டு ஆஸ்பத்திரி நோயாளியாக வந்தான். போலீஸ்காரர் பாஸைப் பார்த்து சல்யூட் அடிக்காத குறை. வாழ்க்கையில் முதல் தடவை அவன் அந்தக் கிளினிக்குக்கு அரசாங்க மரியாதையோடு வந்திருக்கிறான். அவனுக்குப் பிறகு இன்னும் சிலர். விட்டுப்போனவர்கள் திரும்பியது ஊர் மூடியிருந்த அந்த மாதங்களில்தான்.

இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆம்பிளைகளுக்குப் பொறுப்பில்லை, அவர்களைத் திருத்த முடியாது என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர்கள், மருந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் அதே பொறுப்பில்லாத ஆம்பிளைகள் ஒழுங்காகப் போட்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அக்குறணையை மார்ச் கடைசியில் தனியாக மூடிவிட்டார்கள். கண்டி–மாத்தளை வீதியில் தடை போட்டு, ஊருக்குள் எவரும் போகவும் வரவும் முடியாது. அங்கே எனக்கு ஒருவர் இருந்தார், ஹார்ட்வெயார் கடைக்காரர், என்னைவிட மூத்தவர். பி.எச்.ஐ. ஒருவரின் வாகனத்தில் இடம் கிடைத்துத் தடை வரைக்கும் போனேன். அவர் மறுபக்கம் வந்து நின்றார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும். நடுவில் போலீஸ்காரர்கள். உறையை நீட்டினேன்.

"வயித்துக்குள்ள மருந்தா தம்பி?" என்று ஊருக்குக் கேட்கும்படி கேட்டார்.

"ஓம் நானா, கேஸ்ட்ரைட்டிசுக்கு. ராவைக்கு ஒண்டு."

போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் குரலை இறக்கினார். "எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கப் போறாங்களாம். அதுல இதும் காட்டுமா?"

மூக்கில்தான் எடுப்பார்கள், அதில் கொரோனா மட்டும்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது என்றேன். தலையாட்டினார். போகவில்லை. உறையைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மவுத்தாகினா எரிக்கிறாங்களே தம்பி. இந்த நேரத்துல எனக்கு ஒண்டும் வரக்கூடாது. ஒரு குளிசையும் விட மாட்டன்."

கொரோனாவில் இறந்தால் அடக்கம் செய்ய விடாமல் முஸ்லிம்களையும் கட்டாயமாக எரிக்கிற உத்தரவு அப்போதுதான் வந்திருந்தது. 2021 பெப்ரவரியில்தான் மாற்றினார்கள். அந்தப் பத்து மாதமும் அவர் ஒரு குளிசையும் விடவில்லை என்பதை அவருடைய வைரஸ் எண்ணிக்கை சொன்னது. நல்ல காரியம் ஒன்று நடக்க இப்படி ஒரு காரணம் வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஊரடங்கு போனதும் பழைய வழக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. மூன்று மாத மருந்து மட்டும் நிலையாக இருக்கிறவர்களுக்குத் தொடர்ந்தது. அதற்காக நான் பேசாத ஆள் இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் குளிசை இருந்தது, பாதை இல்லை. மார்ச் கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரி மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. செய்தி வந்த அன்றே என் போன் அடங்கவில்லை. "அண்ணே, எங்க மருந்தும் நிக்குமா?" எனக்குத் தெரிந்த எவரையும் குளிசை இல்லை என்று கிளினிக் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் பயம் அதன் வேலையைச் செய்தது. புசல்லாவைக்காரர் ஒருவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார், சேமித்துவைக்க. தன் கெட்டிக்காரத்தனத்தை என்னிடம் பெருமையாகச் சொன்னார். அப்படிப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு முழுசாகப் போட்டாலும் கேட்காது என்று விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் போனில் காசு தீர்ந்தது. இன்னொருவர் நிறுத்தியே விட்டார், காரணம் கேட்டால், "ராத்திரிச் சாப்பாடு இல்லண்ணே. வெறும் வயித்துல மருந்து போடக்கூடாதுல்ல?" பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இவர் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி பாதியோடு படுக்கிறவர். வெறும் வயிற்றிலும் போடலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொன்னேன். அடுத்த முறை கொஞ்சம் அரிசியும் கொண்டுபோனேன். அரிசி எந்த மருத்துவ வழிகாட்டலில் வருகிறது என்று கேட்காதீர்கள்.

ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பஸ் குறைந்தது, த்ரீவீல் சத்தமே இல்லை. நாவலப்பிட்டி ரயில்தான் எனக்குக் கை கொடுத்தது. பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி என்று ஸ்டேஷனுக்கு ஓர் ஆள் வந்து நிற்பார். ரயில் நிற்கிற நேரத்துக்குள் ஜன்னலால் கை மாறும். தங்கள் மருந்தை நான் எடுத்துவரலாம் என்று கிளினிக்கில் எழுதிக் கையெழுத்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் இது. ஜூலை 9 காலையில் கண்டி ஸ்டேஷனில் நான் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கொழும்புக்கு ரயில் விடு என்று சனம் கூச்சல்; மாணவர்கள், சாரம் கட்டியவர்கள், கொடி பிடித்தவர்கள். ஒரு பெடியன் என் பையைப் பார்த்து, "அய்யா, கொழும்புக்கா?" என்று கேட்டான். கம்பளைக்கு என்றேன். நாடே ஜனாதிபதியை விரட்டப் போகிறது, இந்த மனுசன் கம்பளைக்குப் போகிறானே என்று பார்த்தான்.

அதற்குப் பிறகு ஆண்கள் ஊரை விட்டுப் போனார்கள். கொழும்பில் ஹோட்டல், கட்டட வேலை, சுப்பர்மார்க்கெட். எந்தக் கிளினிக்கிலும் பதிவை மாற்றிக்கொள்ளலாம், கடிதம் தருவார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அதைக் கொடுப்பதில்லை. புதிய ஊரில் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிற அலுப்பு.

நகரத்தில் இப்போது வருகிற இளம் ஆண்களுக்கு நான் தேவையில்லை. மருந்தில் இருந்து வைரஸ் அடங்கிவிட்டால் உறவில் தொற்றாது என்பதை அவர்களே போனில் படித்துவிட்டு வருகிறார்கள். எனக்கு 2016க்குப் பிறகு ஒரு டொக்டர் சொல்லித்தான் தெரியும், கேட்டுவிட்டுக் கிளினிக் வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களின் பயம் வேறு. ஆணோடு பழகுகிற ஆணுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் 1883இலிருந்து தலைக்கு மேல் தொங்குகின்றன. அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மேயில் சொன்னது, சட்டமாகவில்லை. யாரோடு பழகினாய் என்று கிளினிக்கில் கேட்கும்போது அந்தப் பெடியன்கள் முதலில் கதவைப் பார்க்கிறார்கள். நல்ல டொக்டர்மார் அது தெரிந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்கள்.

இந்தக் கண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் எழுதிவிடுகிறேன். 2016இல் வடமேல் மாகாணத்தில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி கிளம்பி, பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்தன. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு நோயே இல்லை. கண்டி திரித்துவக் கல்லூரி அவனுக்கு இடம் கொடுத்தது. அந்த வாரம் எங்கள் கிளினிக்கில் ஒரு தகப்பன் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்து, மிஸ்ஸிக்குக் காட்டி, எனக்குக் காட்டி, திரும்ப மடித்து வைத்தார். ரொம்ப நாள் வராமல் இருந்தவர். பிறகு ஒழுங்காக வந்தார்.

எல்லோரும் வருவதில்லை. 2022 கடைசியில் கொழும்புக்குப் போன தெல்தோட்டைப் பெடியன் ஒருவன் கடிதத்தை எங்கேயும் கொடுக்கவில்லை. போன் அடிக்கும், எடுக்கமாட்டான். வட்ஸ்அப்பில் "மழையா?" என்று கேட்டால் நீல டிக் மட்டும் விழும். அவன் வீட்டில் எவருக்கும் விஷயம் தெரியாது, தெரியப்படுத்தவும் முடியாது. தீபாவளிக்கு எப்படியும் ஊருக்கு வருவான், அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு. தீபாவளிக்கு மறுநாள் காலையில் நான் அந்த லயத்துக்குப் போவேன், கோயில் திருப்பணி ரசீதுப் புத்தகத்தோடு. அது நிஜ ரசீதுப் புத்தகம்தான், எங்கள் கோயில் கமிட்டியில் நான் பொருளாளர். அவன் அம்மா நூறு ரூபா கொடுப்பார், தேத்தண்ணி ஊற்றுவார். அவன் என்னைப் பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட வருவான். வராமல் இருக்க அவனுக்கு ஒரு சாட்டும் கிடைக்காது. அங்கேயிருந்து ரோட்டுக்கு இறங்க இருபது நிமிடமாவது எடுக்கும்.

அடுத்த கிளினிக் திகதியை டொக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.